புனைமொழிக்கு எண்கள்: அடிமானம் முதல் தேய்மானம் வரை

கேள்வி இது: "நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் நெசவுத்தொழில் செய்யும் ஒரு மலைநாட்டு மக்கள் வருகிறார்கள். அவர்கள் மொழிக்குப் பன்னிரண்டை அடிமானமாக வைத்து எண்ணுப்பெயர்கள் செய்தேன். ஒன்று முதல் பன்னிரண்டு வரை தனித்தனிச் சொற்கள், 144க்கு ஒரு சொல், 1,728க்கு ஒரு சொல். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் உயிரில்லாமல் வாய்ப்பாடு மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?"

அடிமானத்தை, அதாவது எத்தனை எத்தனையாகச் சேர்த்து எண்ணுவது என்பதை, நீங்கள் முதலில் முடிவு செய்துவிட்டீர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அந்த மக்கள் எதை எண்ணினார்கள், எந்தக் கையால் எப்படி எண்ணினார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அடிமானம் அதிலிருந்து தானாக வரும். அப்புறம் அந்தச் சொற்களைப் பல தலைமுறை வாயில் புழங்கவிட்டுத் தேய வையுங்கள். இந்த இரண்டு வேலையும் செய்தால் போதும், உங்கள் பன்னிரண்டை மாற்றவே வேண்டாம்.

பன்னிரண்டு என்பது நம்பமுடியாத தேர்வும் அல்ல. உலக மொழிகளின் எண்ணுப்பெயர்களைப் பற்றி மொழியியலாளர் பெர்னார்ட் காம்ரி தொகுத்த வரைபடத்தில் 196 மொழிகள் இருக்கின்றன. அவற்றில் 125 பத்தின் அடிமானத்தில் எண்ணுபவை. 20 மொழிகள் முழுக்க இருபதில் எண்ணுகின்றன, 22 மொழிகள் இருபதையும் பத்தையும் கலந்து எண்ணுகின்றன. நான்கு மொழிகள் உடலுறுப்புகளின் பெயரையே எண்ணாகச் சொல்கின்றன. இன்னும் 20 மொழிகளில் எண்கள் இருபதைத் தாண்டி அதிகம் போவதில்லை. மிச்சமிருக்கும் ஐந்தே மொழிகள் வேறு அடிமானங்களைக் கொண்டவை. பத்தும் இருபதும் இவ்வளவு பெருகியதற்குக் காரணம் கைவிரலும் கால்விரலும்தான். பன்னிரண்டை வைத்து எண்ணும் மொழிகள் அரிது என்றாலும் உண்டு. நைஜீரியாவின் நடுப்பகுதியில் சில மொழிகள் அப்படி எண்ணுகின்றன, குவாந்தரா மொழியின் நிம்பியா வட்டார வழக்கு அவற்றில் ஒன்று. நேபாளத்தில் செபாங் மொழியிலும் இது இருக்கிறது.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் மாலத்தீவில் இருக்கிறது. திவேஹி மொழியில் பழைய நாளில் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணும் முறை இருந்தது. அந்த மொழி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் மூலச் சொற்கள் பத்தின் அடிமானத்தில் பிறந்தவை. எண்ணும் முறை மாறியபோது அவர்கள் புதுச்சொற்களைச் செய்து கொண்டிருக்கவில்லை. ஐம்பதிலிருந்து வந்த சொல்லை 48க்கும், நூறிலிருந்து வந்த சொல்லை 96க்கும் வைத்துக்கொண்டார்கள். ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலும் இதே மாதிரி நடந்திருக்கிறது. அங்கே நூறு என்ற சொல் பெரும்பாலும் 120ஐக் குறித்தது. சொல் பழையது, அளவு புதியது. உங்கள் மக்கள் பக்கத்து நாட்டாரிடமிருந்து எண்ணும் முறையைக் கற்றுக்கொண்டவர்கள் என்று கதையில் இருந்தால் இதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஸ்டார் ட்ரெக் படங்களுக்காக மார்க் ஓக்ராண்ட் உருவாக்கிய கிளிங்கான் மொழிக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு: முதலில் மூன்று மூன்றாக எண்ணினார்கள், பிறகு பத்துக்கு மாறினார்கள் என்று அவர் அதன் இலக்கணத்திலேயே எழுதிவைத்தார். அந்த ஒற்றை வாக்கியத்தாலேயே அந்த மொழிக்கு ஒரு பின்கதை வந்துவிடுகிறது.

இப்போது கைக்கு வருவோம். உடல் ஒன்றுதான், ஆனால் அதை எண்ணும் விதங்கள் பல. கலிபோர்னியாவின் யூக்கி மக்களுக்கும் மெக்சிகோவின் பாமே மக்களுக்கும் கையில் ஐந்து விரல்தான். ஆனாலும் அவர்கள் எட்டில் எண்ணினார்கள். யூக்கி மக்கள் எண்ணியது விரல்களை அல்ல, விரல்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை. அவதார் படத்துக்காகப் பால் ஃப்ராமர் உருவாக்கிய நாவி மொழியிலும் எண்கள் எட்டின் அடிமானத்தில்தான். அங்கே காரணம் நேரானது, அந்தக் கற்பனை மக்களுக்குக் கைக்கு நான்கு விரல். எனக்கு யூக்கி முறைதான் அதிகம் பிடிக்கும். உடம்பை மாற்றாமல் பார்வையை மட்டும் மாற்றியே புது அடிமானம் கிடைத்துவிடுகிறது.

பாப்புவா நியூ கினியில் ஒக்சாப்மின் மக்கள் ஒரு கையின் கட்டைவிரலில் தொடங்கி விரல்கள், மணிக்கட்டு, முழங்கை, தோள், காது, கண் என்று ஏறி மூக்குக்கு வரும்போது 14 ஆகிறது. பிறகு மறுபக்கம் இறங்கிச் சுண்டுவிரலில் 27. பதினான்குக்குச் சொல்லே மூக்குதான். இது கூட்டிப் பெருக்கும் எண்முறை இல்லை, ஒரு பாதை. அங்கே ஓர் எண் என்பது ஓர் இடம்.

எதை எண்ணுகிறார்கள் என்பது இதைவிட முக்கியம். அதே நியூ கினியின் தெற்கில் கொம்ன்சோ முதலான மொழிகளைப் பேசுபவர்கள் வள்ளிக்கிழங்கு வகை ஒன்றைப் பயிரிட்டு, அறுவடையை எல்லோர் முன்னிலையிலும் எண்ணி அடுக்குகிறார்கள். இரண்டு ஆட்கள் ஆளுக்கு மூன்று கிழங்காகத் தூக்கி ஒன்றாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள், அதனால் ஒரு நடைக்கு ஆறு. அங்கிருந்து ஆறின் அடுக்குகளாக ஏறுகிறது கணக்கு: 36, பிறகு தருபா 216, தம்னோ 1,296, அதற்கடுத்து 7,776, கடைசியில் வீ என்ற சொல்லுக்கு 46,656. அத்தனை பெரிய எண்ணுக்குத் தனிச்சொல் இருப்பது எண்ணும் ஆசையால் மட்டும் அல்ல. யாருடைய கிழங்குக் களஞ்சியம் பெரியது என்பது ஊரில் மதிப்பைத் தீர்மானித்தது, ஆகவே அந்த எண்கள் வேண்டியிருந்தன. பசிபிக் கடலில் மங்கரேவா தீவில் பத்துக்கு மேல் 20, 40, 80 ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் இருந்தது. ஆமை, மீன், தேங்காய் போன்ற சில பொருள்களுக்கு மட்டும் அந்த முறை, மற்றவற்றுக்குச் சாதாரண முறை. ஒரே மொழிக்குள் இரண்டு எண்முறை இருப்பது தப்பே இல்லை.

சரி, உங்கள் நெசவாளர்களுக்கு வருவோம். ஒரு கையில் நூல் இருக்கிறது, எண்ணுவதற்கு மிச்சம் ஒரு கைதான். கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டால் விரலுக்கு மூன்று வீதம் பன்னிரண்டு. நம் வீட்டுப் பெரியவர்களும் இப்படிக் கணு தொட்டு எண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் பன்னிரண்டு இப்போது ஒரு கைக்குள் வந்துவிட்டது. கூடவே நீங்கள் கவனிக்காத ஒன்றும் வந்துவிட்டது: பன்னிரண்டுக்குள் மூன்று மூன்றாகப் பிரிவு. விரல் மாறும் இடங்களான 3, 6, 9 மூன்றும் கையில் உணரப்படும் எண்கள். அதனால் உங்களுக்குப் பன்னிரண்டு தனிச்சொற்கள் வேண்டியதில்லை, நான்கே போதும்.

ஒரு மாதிரி செய்து காட்டுகிறேன். ஒன்று கெ, இரண்டு வலா, மூன்று துமி, பன்னிரண்டு முசா என்று வைத்துக்கொள்வோம். துமிக்கு விரல் என்றும் பொருள், முசாவுக்கு மூடிய கை என்றும் பொருள். நான்கு என்பது துமி கெ, ஐந்து துமி வலா. ஆறு, இரண்டு விரல் முடிந்தது, ஆக வலா துமி. ஏழும் எட்டும் வலா துமி கெ, வலா துமி வலா. ஒன்பது துமி துமி. பத்தும் பதினொன்றும் வரும்போது கை மூடப் போகிறது, அதனால் பார்வை முன்னால் போகிறது: குறை என்பதற்கு நா என்று ஒரு சொல் வைத்தால் வலா நா முசா, கெ நா முசா. பன்னிரண்டுக்கு இரண்டு குறை, ஒன்று குறை.

இப்படிக் கழித்துச் சொல்வது மொழிகளில் இயல்பானது. லத்தீனில் பதினெட்டும் பத்தொன்பதும் இருபதுக்கு இரண்டு குறை, ஒன்று குறை என்றுதான். நைஜீரியாவின் யொருபா மொழியில் 45 என்று சொல்ல மூன்று இருபதிலிருந்து பத்தைக் கழித்து, அதிலிருந்து ஐந்தையும் கழிக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கழித்தல் எப்போதும் பெரிய படிக்கு முன்னால்தான் வரும். மொழியியலாளர் ஜோசஃப் கிரீன்பெர்க் 1978இல் எண்ணுப்பெயர்களின் பொதுப்பண்புகளைத் தொகுத்தபோது, கூட்டலை விடக் கழித்தல் அரிது என்பதையும் பதிவு செய்தார். அதனால் ஏழை "ஒன்பதுக்கு இரண்டு குறை" என்று சொல்ல வைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு அருகில் மட்டும் கழியுங்கள்.

அடுத்தது தேய்மானம். வாய்ப்பாடாக இருப்பது மொழியாவது இங்கேதான், அதனால் இதில் நேரம் செலவழியுங்கள். தினமும் ஆயிரம் தடவை சொல்லும் சொல் நீளமாக இருக்காது. துமி கெ என்பது துங்கெ ஆகும், துமி வலா தும்லா ஆகும், வலா துமி வத்துமி ஆகும், அதன் வழியே ஏழு வத்துங்கெ. துமி துமி தொத்துமி ஆகட்டும். பதினொன்று கென்சா, பத்து வலான்சா. இப்போது அந்த ஊர்க் குழந்தைக்குத் தும்லாவுக்குள் மூன்றும் இரண்டும் இருப்பது தெரியாது. அது அவளுக்கு வெறும் ஐந்து. டேனிஷ் மொழியில் ஐம்பதுக்கான சொல்லின் உள்ளே "மூன்றாவது இருபதில் பாதி" என்ற கணக்கு புதைந்திருக்கிறது, அதாவது இரண்டரை இருபது. பேசும் யாரும் அந்தக் கணக்கைப் போடுவதில்லை.

நம் மொழியில் இதற்கு மிக அழகான சாட்சி ஒன்பதின் வரிசை. எட்டு, எண்பது, எண்ணூறு வரை ஒழுங்காக வந்துவிட்டு, ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று திடீரென்று தடம் மாறுகிறது. ஒன்பதுக்குள் பத்தின் சாயல், தொண்ணூறுக்குள் நூறு, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம். ஒவ்வொன்றும் தன் மேல்படியின் பெயரைச் சுமக்கிறது. ஒன்பதுக்குத் தொண்டு என்று ஒரு பழஞ்சொல்லும் இருந்தது. ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறாவதற்குத் தொல்காப்பியம் தனி விதி சொல்லவேண்டி வந்திருக்கிறது, அவ்வளவு பழையது இந்தக் கோணல். தெலுங்கில் தொண்ணூறு தொம்பை, கன்னடத்தில் தொம்பத்து, அங்கே பத்துதான் உள்ளே இருக்கிறது. மலையாளம் நம்மோடு வருகிறது. ஒரே குடும்பத்து மொழிகளுக்குள்ளேயே பிரிவு. உங்கள் மொழியிலும் இப்படி ஒரே ஒரு வரிசை தடம் மாறட்டும், காரணம் யாருக்கும் தெரியாமல் இருக்கட்டும். ஒன்று போதும். எல்லாவற்றையும் கோணலாக்கினால் வாசகருக்கு வெறும் குழப்பம்தான் மிஞ்சும்.

தேய்ந்தால் மோதலும் வரும். என் மாதிரியில் 24 வலா முசா. அது தேய்ந்தால் வன்சா. பத்து ஏற்கெனவே வலான்சா. சந்தையில் இரைச்சலுக்கு நடுவே விற்பவர் பத்து என்று சொல்ல, வாங்குபவர் காதில் 24 விழும். உயிருள்ள மொழி இதைச் சும்மா விடாது, ஒரு சொல்லை மாற்றிவிடும். விமான வானொலியில் ஆங்கிலத்தின் ஒன்பதை நைனர் என்று நீட்டுவது அது ஐந்தோடு குழம்பாமல் இருக்கத்தான். ஜெர்மானியர் தொலைபேசியில் இரண்டை, அதாவது ட்ஸ்வையை, ட்ஸ்வோ என்று மாற்றிச் சொல்வது மூன்றுக்கான ட்ரையோடு சேர்ந்து ஒலிக்காமல் இருக்க. ஆகவே 24க்கு நான் வேறொரு சொல் தருவேன்: ஒகில், இரு கைகளாலும் அணைக்கும் அளவு. அது வந்ததும் 36ஐ முதியவர்கள் ஒகில் முசா என்றும், ஊரைவிட்டு வெளியே போய் வியாபாரம் செய்பவர்கள் துமி முசா என்றும் சொல்லலாம். இரண்டு தலைமுறை, இரண்டு வழக்கு. நார்வேயில் "இரண்டும் இருபதும்" என்பதை "இருபத்திரண்டு" என்ற வரிசைக்கு மாற்ற நாடாளுமன்றமே முடிவெடுத்து, 1951இல் அது நடைமுறைக்கு வந்தது, தொலைபேசி எண்களைச் சொல்வதில் வந்த குழப்பம் அதற்குத் தூண்டுதல். இன்றும் பழைய வரிசையில் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

144க்கு நீங்கள் வைத்த தனிச்சொல்லை விடவேண்டாம், ஆனால் அது அரூபமான எண்ணாக இருக்கக்கூடாது. ஒரு நூல் சிட்டத்தில், அதாவது சுற்றிக் கட்டிய நூல்கட்டில், அவர்கள் 144 சுற்று சுற்றுகிறார்கள் என்றால் சிட்டத்தின் பெயரே அந்த எண்ணின் பெயர். நூல் அல்லாத ஆடு, வீடு, ஆள் எதை எண்ணும்போதும் அந்தச் சொல் வரும். 1,728க்கான சொல் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மலைக்கிராமத்தில் அதை யார் சொல்வார்கள்? வரி வாங்க வருபவர் சொல்வார். அப்படியானால் அது அரசாளும் மக்களின் மொழியிலிருந்து வந்த கடன்சொல்லாக இருப்பதே பொருத்தம்.

கடன் வாங்குவதிலும் ஒரு போக்கு உண்டு: சின்ன எண்கள் சொந்த மொழியைப் பிடித்துக்கொள்ளும், பெரியவை முதலில் போகும். பிராகுயி மொழி நம் திராவிடக் குடும்பம், அங்கே ஒன்று, இரண்டு, மூன்று மட்டும் திராவிடம், நான்கிலிருந்து அண்டை மொழிகளின் சொற்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸ்வாஹிலி இன்னும் சுவையானது. ஆறு, ஏழு, ஒன்பது மூன்றும் அரபியிலிருந்து வந்தவை, நடுவில் எட்டு மட்டும் அதன் சொந்தக் குடும்பமான பாந்து மொழிகளின் சொல்லாகவே நின்றுவிட்டது. பத்தும் சொந்தச் சொல், இருபது மறுபடி அரபி. இதை யாராவது புனைமொழியில் செய்திருந்தால் "இயல்பாக இல்லை" என்று சொல்லியிருப்போம்.

கூட்டி, பெருக்கி, கழித்துச் சொற்களை உண்டாக்குவது தவிர வேறு வழியும் இருக்கிறது. ஜப்பானியப் பழைய எண்களில் மூன்று மித்சு, ஆறு முத்சு. நான்கு யொத்சு, எட்டு யாத்சு. மெய் அப்படியே நிற்க உயிர் மட்டும் மாறி எண் இரட்டிக்கிறது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையிலும் இதே உறவு இருந்திருக்கிறது. உங்கள் மொழியில் ஒரே ஒரு ஜோடிக்கு இதைச் செய்து பாருங்கள். மாறாக எஸ்பெராண்டோவில் பன்னிரண்டு தெக்து, இருபது தூதெக், எல்லாம் கண்ணாடி போல ஒழுங்கு. உலகில் யாரும் எளிதாகக் கற்கவேண்டும் என்ற நோக்கத்துக்கு அது சரி. உங்களுடையது ஒரு மக்களின் மொழி. இந்தியில் நூறு வரை கிட்டத்தட்ட ஒவ்வொரு எண்ணையும் தனியாக மனப்பாடம் செய்யவேண்டியிருக்கிறது, கோடிக்கணக்கானவர்கள் அதைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எண்ணுப்பெயர் வாக்கியத்தில் எப்படி நிற்கிறது என்பதையும் பாருங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நமக்கு இரண்டு என்பது மாடு என்ற சொல்லுக்கு முன்னால் வந்தால் ஒரு வடிவம், ஆள் என்றால் இருவர், பங்கு போட்டால் இரண்டிரண்டு என்ற பொருளில் இவ்விரண்டு, வரிசையென்றால் இரண்டாவது. முதலாவது என்பதில் ஒன்று என்ற சொல்லே இல்லை. ஆட்களுக்கான வடிவம் ஐவர் வரை பேச்சில் கொஞ்சம் வாழ்கிறது. அறுவர், எழுவர் செய்தித்தாள் தலைப்புகளில் மட்டும், பேச்சில் ஆறு பேர், ஏழு பேர்தான். சிறிய எண்ணுக்கு அதிக வடிவம், பெரிய எண்ணுக்கு ஒரே வடிவம் என்று நீங்களும் வைக்கலாம்.

பின்னங்களில்தான் உங்கள் பன்னிரண்டுக்கு உண்மையான பலன். நம் முன்னோர் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதிபாதியாக இறங்கி, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று என்று நுணுக்கமாகப் பெயர் வைத்தார்கள். ஆனால் மூன்றில் ஒன்றுக்குத் தனிப்பெயர் இல்லை, 320ஐ மூன்றால் மீதியில்லாமல் வகுக்க முடியாது. உங்கள் மக்களுக்குப் பன்னிரண்டில் மூன்றில் ஒன்று மீதியில்லாமல் நான்கு கணு, முழுப்பங்கு. பாகப்பிரிவினையில் மூன்று பிள்ளைகள் என்றால் அவர்களுக்குச் சண்டை குறைவு, ஐந்து பிள்ளைகள் என்றால் கணக்கு நெருடும். அதிலிருந்தே ஐந்தைப் பற்றி ஒரு சகுனம் பிறக்கலாம். நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவது நம்மிடம் உண்டு, மொய் எழுதும்போது நூறோடு ஒன்று சேர்ப்பதும் உண்டு. அவர்கள் நூல் எண்ணத் தொடங்கும்போது கெ என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள்? அதை எழுதிவைத்துவிட்டால் நாவலில் ஒரு காட்சியே கிடைக்கும்.

கடைசியாக, எழுத்தில் வரும் சிக்கல். தமிழில் எழுதும்போது உங்கள் பாத்திரம் "நூறு வருஷத்துக்கு முன்னால்" என்று சொல்லக்கூடாது. நூறு அவர்களுக்கு உருண்டையான எண் அல்ல, அவர்கள் கணக்கில் அது எட்டு முசாவும் நான்கும், யாரும் குத்துமதிப்பாகச் சொல்லமாட்டார்கள். "ஆயிரம் இருந்தாலும் அவன் என் தம்பி" என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் சிட்டத்தின் பெயரைச் சொல்வார்கள். கிழவியின் வயதை எழுபது என்று எழுதாமல் ஆறு முசா என்று எழுதுங்கள், முதல் தடவை மட்டும் பக்கத்தில் இருப்பவர் கை விரித்துக் கணு தொட்டுக் காட்டட்டும். முசா, ஒகில், சிட்டத்தின் சொல் என்று மூன்றே சொற்கள் நாவலில் திரும்பத் திரும்ப வந்தால் போதும். மீதிச் சொற்கள் உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும், சந்தைக் காட்சியில் இரண்டொன்றை எடுத்துக்கொள்ளலாம்.